வடகரைக் கோடு

ஆகஸ்ட் 14, 2023. திங்கள்

மூன்றாவது நாளாக மூடுபனி. நூக்கில் விமானம் இறங்கவில்லை. அலுவலகத்தில் எல்லாரும் ஜன்னலைப் பார்த்தபடியே வேலை செய்கிறார்கள்.

கிரீன்லாந்தின் எங்கள் கரைக்கான நிலவியல் வரைபடத்தின் கடைசிப் பிழைதிருத்தம் நடக்கிறது. செப்டம்பர் 29 அச்சுக்குப் போகிறது. மலைகளுக்கு நடுவே நுழையும் கடல்நாக்கின், ஃபியோர்டின், தென்கரைக்குப் பழுப்பு நிறம், 380 கோடி ஆண்டுப் பாறை. வடகரைக்கு இளஞ்சிவப்பு, 290 கோடி ஆண்டு. நடுவே, வடகரையை ஒட்டி, தடித்த சிவப்புக் கோடு ஒன்று. என் கோடு. அச்சகத்துக்காரர் அதை இன்னும் கொஞ்சம் தடிமனாக்கலாமா என்று கேட்டார். ஆகட்டும் என்றேன்.

நகராட்சியிலிருந்தும் கூப்பிட்டார்கள். பித்தளைப் பலகை தயாராம். “இரண்டு பழங்கண்டங்கள் மோதி ஒன்றான இடம்.” மூன்று மொழியில். செப்டம்பர் 9ஆம் தேதி நிலவியல் மாநாட்டு விருந்தினர் நாற்பது பேரும் படகில் வடகரையின் கறுப்புமூக்கு முனைக்கு வரும்போது பாறையில் பதிப்பார்கள். ரப்பர் செருப்போடு வரும் ஆட்கள் வழுக்கி விழாமல் இருக்க வேண்டும். அதுதான் என் கவலை.

ஆகஸ்ட் 15

போன கோடையில் கறுப்புமூக்குக்கு மேலே, சரிவில், வேறொரு குழு எடுத்த ஏழு கற்களின் வயது வந்துவிட்டது. ஆய்வகத்தின் மின்னஞ்சலைக் காபியோடு திறந்தேன். காபி ஆறிவிட்டது.

ஏழும் 380 கோடி.

வடகரையில். என் கோட்டுக்கு வடக்கே. இளஞ்சிவப்புக்கு நடுவில்.

ஆகஸ்ட் 16

திரும்பக் கணக்குப் போட்டேன். அதே.

ஆகஸ்ட் 18. வெள்ளி

எனக்கே சொல்லிப் பார்க்கிறேன், பதற்றமில்லாமல்.

கண்டம் என்பது ஒரே நாளில் வார்த்து எடுத்த தட்டு அல்ல. சிறு சிறு துண்டுகளாக இருந்தது. இரண்டு துண்டுக்கு நடுவே கடல். அந்தக் கடலின் தரை ஒரு துண்டின் அடியில் சரிந்து இறங்கியது. ஆழத்துச் சூட்டில், அதோடு போன தண்ணீர் மேலிருந்த பாறையை உருக்கியது. உருகியது மேலே வந்து உறைந்து புதுத் தரை ஆயிற்று. கடல் சுருங்கிச் சுருங்கி மூடிக்கொண்டதும் இரண்டு துண்டும் முட்டி, நசுங்கி, ஒட்டிக்கொண்டன. அந்த ஒட்டு நம் ஊரில் 270 கோடி ஆண்டுப் பழையது. இதைத்தான் பத்து வருஷமாகச் சொல்லி வருகிறேன்.

இதை ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. அந்தக் காலத்தில் பூமி அவ்வளவு சூடு, தட்டும் இல்லை மோதலும் இல்லை, பாறை அங்கங்கே மூழ்கியது, மிதந்தது, அவ்வளவுதான் என்பார்கள். அவர்களுக்கு நான் காட்டிய பதில் கறுப்புமூக்கின் கல். மாதிரி எண் 27. தண்ணீர் ஓரத்தில் இளம் பாறை, எதிர்க்கரையில் கிழப் பாறை, ஒட்டு நடுவில். வேறென்ன வேண்டும் என்று கேட்டேன்.

27ஐ எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? வடக்கே இருபது கிலோமீட்டர் தள்ளித்தான் அடுத்த இளம் பாறை. நடுவில் எதுவும் தெரியாது.

மொயென்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் எங்கள் பிரிவின் தலைவர், டேனிஷ்காரர், இருபத்தாறு வருஷமாக இங்கே. டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு நானும் விண்ணப்பித்திருக்கிறேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எண்களைப் பார்த்தார். மோதல் என்றால் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறத்தான் செய்யும், கிழப் பாறையின் ஒரு துண்டு அந்தச் சரிவில் ஏறி உட்கார்ந்திருக்கலாமே என்றார். தவறில்லை, இருக்கலாம்.

“மாநாடு முடியட்டும். ஒரு வரி அடிக்குறிப்பு போட்டா போதும். யாரும் பொய் சொல்லச் சொல்லல, துக்கும்மெக்.”

அதுதான் தொல்லை. பொய் இல்லை. ஆனாலும் வீட்டுக்கு நேரே போக முடியவில்லை. துறைமுகம் வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன்.

ஆகஸ்ட் 20. ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாமல் ஒரு வாரமாகச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்.

2013 ஜூலை. கறுப்புமூக்கில் நான், வெளிநாட்டிலிருந்து வந்த பேராசிரியர்கள் ஐந்து பேர், படகோட்டி செவெரின். செவெரின் என் அக்கா பிபியானேயின் கணவர். பன்னிரண்டு கோடைகள் எங்கள் முகாமில் வேலை பார்த்தவர். கூடாரம், படகு, துப்பாக்கி, சமையல் எல்லாம் அவர். அந்தக் கல் ரெண்டு மாடி வீட்டளவு. பாதி மண்ணில் புதைந்து, பாசி ஏறி, அதன் வரிகள்கூடச் சுற்றியிருக்கும் பாறையின் வரிகளோடு இசைந்து நிற்கும். நான் சுத்தியலை எடுத்தேன். செவெரின் அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து சொன்னார்:

“இந்தக் கல்லு இங்கயே பொறந்த மாதிரி தெரியல. ஐஸ் தூக்கிட்டு வந்து வெச்சிருக்கும். அடியில பாத்தியா?”

நான் என்ன சொன்னேன்?

“நீங்க படகைப் பாருங்க அத்தான். கல்லை நான் பாத்துக்கறேன்.”

ஐந்து பேரும் சிரித்தார்கள். முதல் முறையாக அவர்கள் என் பேச்சுக்குச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செவெரின் படகுக்குப் போனார். அந்தக் கோடை முடிந்ததும் வேலையை விட்டார். காரணம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. அக்கா வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்குப் போகிறேன், காபி விருந்துக்குப் போகிறேன், “கேக் எடுத்துக்கோ” என்பார். பத்து வருஷமாகக் கேக் எடுத்துக்கொள்கிறேன்.

அடியில் பார்த்தேனா? பார்க்கவில்லை. பார்க்கலையே நான். குறிப்பேட்டில் “தாய்ப்பாறை”, அதாவது இந்த இடத்திலேயே வேரோடிய பாறை, என்று எழுதியிருக்கிறேன், அடிக்கோடு போட்டு.

ஆகஸ்ட் 22

அலுவலகப் படகு தெற்கே போயிருக்கிறது, மாநாட்டுக்கு முதல் நாள்தான் வரும். வாடகைப் படகுகள் எல்லாம் மான் வேட்டைக்குப் போய்விட்டன. ஆகஸ்டில் இந்த ஊரில் படகு கேட்பது என்னைப் போன்ற முட்டாள்தான்.

அக்கா வீட்டுக்குப் போனேன். பிபி மலையில் பறித்த கறுப்புப் பெர்ரி வாளியைக் கவிழ்த்து இலை பிரித்துக்கொண்டிருந்தாள். செவெரினும் வேட்டையில். எப்போது வருவார்?

“மான் எப்ப கெடைக்குதோ அப்ப” என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஒனக்கு அவர் வேணுமா, அவரோட படகு வேணுமா?”

ரெண்டும் என்றேன். உட்கார்ந்து இலை பிரி என்றாள். ஒரு மணி நேரம் பிரித்தேன். எதுவும் கேட்கவில்லை அவள். கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

ஆகஸ்ட் 24

செவெரின் வரவில்லை. காற்று.

ஆகஸ்ட் 25

வரவில்லை. நகராட்சிக்காரர் பலகையின் படத்தை அனுப்பியிருக்கிறார். பளபளக்கிறது. கீழே என் பெயர்: துக்கும்மெக்.

அடிக்குறிப்பை எழுதிப் பார்த்தேன். ரொம்ப நன்றாக வந்தது. நன்றாக வந்ததுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 27. ஞாயிறு

மாலை பிபி குறுஞ்செய்தி அனுப்பினாள்: ரெண்டு மான். வா.

படிக்கட்டில் இறைச்சி மூட்டைகள். செவெரின் தொட்டியில் கத்தி கழுவிக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்து, ஒல்லியாக. வழியில் யோசித்துவைத்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. கறுப்புமூக்குக்குப் போக வேண்டும், கூட்டிப் போவீர்களா என்று மட்டும் கேட்டேன்.

கத்தியைத் துடைத்தார். “எதுக்கு என்னைக் கூப்பிடற? படகுக்கா, கல்லுக்கா?”

அக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“கல்லுக்கு” என்றேன்.

“புதன்கிழமை காத்து அடங்கும்” என்றார். அவ்வளவுதான். சூப் குடித்தோம். பேச்சு மானைப் பற்றித்தான்.

ஆகஸ்ட் 30. புதன். கறுப்புமூக்கு

கூடாரத்தில் எழுதுகிறேன். கொசு வலைக்குள். விரல் மரத்திருக்கிறது.

பத்து மணிக்குக் கரை இறங்கினோம். கல் அப்படியே இருந்தது. எத்தனை புகைப்படத்தில் பார்த்த கல். முன்பக்கம் என் சுத்தியல் உடைத்த வெள்ளைத் தழும்பு. செவெரின் மண்வெட்டியை என்னிடம் கொடுத்தார். தோண்ட முன்வரவில்லை அவர். அது சரிதான்.

மலைப்பக்கத்தில் தோண்டினேன். பாசி, கரி மண், அதற்கும் கீழே கூழாங்கல். முழங்கால் ஆழம், பிறகு தொடை ஆழம். பாறை தரைக்குள் இறங்கிப் போகவில்லை. உள்வாங்கி வளைந்தது, பானையின் அடி மாதிரி. செவெரின், வேட்டையாடிய கடல்நாயை இழுக்கும் கொக்கிக் கோலைக் கொண்டுவந்தார். அதையும் என் கையில்தான் கொடுத்தார். படுத்துக்கொண்டு அடியில் விட்டேன். போனது. இன்னும் போனது. கைப்பிடி வரை போய் என் மணிக்கட்டு கல்லில் இடித்தது. உள்ளே சரளை. ஈரம்.

பனிக்கட்டி எங்கிருந்தோ சுமந்து வந்து இறக்கி வைத்துவிட்டுப் போன கல். பத்து வருஷம். பதினான்கு கட்டுரைகள். ஒரு வரைபடம். நாற்பது பேர். பித்தளை.

எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. எழுந்தபோது காபி கொதித்திருந்தது, உலர்ந்த மீனும் வெண்ணெயும் கல்லின் நிழலில் வைத்திருந்தார். நிழலுக்காவது அந்தக் கல் உதவியது.

அப்போதுதான் சொன்னேன். அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது அத்தான், அப்பவே சொல்லியிருக்கணும், இத்தனை வருஷம் —

அவர் மீனைக் கிழித்துக்கொண்டே சொன்னார். “நீ சொன்னதுகூடப் பரவால்ல. முகாம்ல ஆயிரம் பேச்சு. அவங்க சிரிச்சப்ப நீயும் சிரிச்ச பாரு. வீட்டுக்கு வந்து பிபிகிட்ட சொல்லவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு.”

அவர் கோப்பையில் காபி ஊற்றினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே, “சரி, இந்தக் கல்லு எந்த ஊர்க் கல்லு?” என்றார். வடக்கேயோ கிழக்கேயோ, தெரியாது என்றேன். தெரியாது என்று சொல்லி எத்தனை நாளாயிற்று.

செப்டம்பர் 1

நேற்றும் இன்றும் நடை. செவெரினுக்கு ஒரு இடம் நினைவிருக்கிறது, வடக்கே இரண்டாம் பள்ளத்தாக்கில். பாறை நார் நாராக, உலர்ந்த மீன் மாதிரி பிரியும் என்றார். ஒட்டு அப்படித்தான் இருக்கும், நசுங்கி இழுபட்டு. எனக்கு மூச்சு வாங்கியது, நடையால் மட்டும் அல்ல. ஒரே வாரத்தில் கோட்டை எடுத்து இங்கே போட்டுவிடலாம், மாநாட்டிலேயே அறிவிக்கலாம், இன்னும் பெரிதாக — இதெல்லாம் நடந்துகொண்டே யோசித்தேன். எனக்குப் புத்தி வரவே வராதா?

இடத்தை அடைந்தோம். உட்கார்ந்து லென்ஸில் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். வெயிலும் உறைபனியும் பிளந்த சாதாரண வரிப்பாறை. இழுபடவே இல்லை.

“இல்லையா?” என்றார்.

“இல்ல அத்தான்.”

“நல்லாப் பாத்தியா? அடியில பாத்தியா?”

நான் திகைத்துப்போய் நிமிர, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பத்து வருஷத்தில் என்னைப் பார்த்து முதல் தடவை. ரெண்டு பேரும் அந்த ஒன்றுக்கும் உதவாத பாறை மேல் உட்கார்ந்து சிரித்தோம். மழை பிடித்துக்கொண்டது.

செப்டம்பர் 4. திங்கள்

மொயென்ஸிடம் சொல்லிவிட்டேன். கல்லுக்கடியில் போன கொக்கிக் கோலின் புகைப்படத்தையும் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கு என் மேல் இரக்கம், அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்த நாற்காலிக்கான நேர்காணல் பதினெட்டாம் தேதி என்பது நினைவிருக்கிறதா என்றார். இருக்கிறது. மோதலே இல்லை என்பவர்களுக்கு இது கிறிஸ்துமஸ் மாதிரி என்றார்.

“அப்போ கோடு எங்க?” என்றார்.

“தெரியாது. இருபது கிலோமீட்டருக்குள்ள எங்கயோ.”

“அச்சகத்துக்கு நான் என்ன சொல்ல?”

கோட்டை எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். இருபது கிலோமீட்டரும் வெள்ளையாக இருக்கட்டும்.

கட்டுரை வெளியிட்ட இதழுக்கும் கடிதம் எழுதினேன். நான்கு வரி. எழுதி முடித்ததும் பசித்தது. பல நாள் கழித்து.

செப்டம்பர் 7

பலகை வேண்டாம் என்று நகராட்சிக்குச் சொன்னேன். செய்தாகிவிட்டதே என்றார் அவர், அழாத குறையாக. வாசகத்தை மாற்ற முடியாதா? “ஒரு கல் வந்து சேர்ந்த இடம்” என்று போடலாம் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

செப்டம்பர் 9. சனி

பயண நிரலை மாற்றவில்லை. நாற்பது பேரையும் மூன்று படகில் கறுப்புமூக்குக்குக் கூட்டிப்போனேன். ஒரு படகு செவெரினுடையது.

கல்லின் முன்னால் நின்று, இதைத்தான் பத்து வருஷமாக உங்களுக்குக் காட்டி வருகிறேன், இது இந்த இடத்துக் கல் அல்ல என்றேன். குழியைக் காட்டினேன். ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். மோதலே இல்லை என்று வாதிடும் கிழவர் ஒருவர் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். எழுந்து என் தோளைத் தட்டினார். 2013இல் சிரித்த ஐவரில் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள்.

பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். “இது ஐஸ் கொண்டுவந்த கல்லுன்னு 2013லயே ஒருத்தர் எங்கிட்ட சொன்னார். அடியில பாருன்னார். நான் அவரைப் படகுக்கு அனுப்பிட்டேன். அவர் பேர் செவெரின். அங்க நிக்கறார்.”

நாற்பது தலையும் திரும்பியது. செவெரின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றார். தலையைக் குனிந்துகொண்டார். காது சிவந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

திரும்பும்போது அவர் படகில் ஏறினேன். பாதி வழியில், “இத்தனை பேர் முன்னாடி சொல்லணுமா?” என்றார். ஆமாம் என்றேன். அன்றைக்கு அவரை மட்டம் தட்டியதும் எல்லார் முன்னாடிதானே.

அக்டோபர் 12

நாற்காலி வேறு ஒருவருக்கு. கோபன்ஹேகனிலிருந்து வருகிறார். நல்ல ஆள் என்கிறார்கள். வருத்தமாக இருக்கிறதா? இருக்கிறது. இல்லை என்று எழுதினால் யாருக்கு எழுதுகிறேன்?

வரைபடம் அச்சாகி வந்தது. நடுவில் கிழிந்த மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை.

ஜனவரி 30, 2024

அடுத்த கோடைக்கு முகாம் அனுமதி கிடைத்தது. ஒரு கூடாரம், மூன்று பேர். செவெரினிடம் கேட்டேன். என்ன வேலைக்கு என்றார். குறிப்பேடு எழுத என்றேன். எழுத்துப்பிழை வரும் என்றார். வரட்டும். பிபியும் வருகிறாளாம், எங்கள் இருவரின் சமையலையும் நம்ப முடியாதாம்.

ஜூலை 17. நான்காம் பள்ளத்தாக்கு

பதினொன்றாம் நாள். ஒன்பது நாள் ஒன்றுமில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் பார்க்கிறோம், பிபிக்குச் சலித்துவிட்டது. கூடாரத்துக்கும் ஓடைக்கும் நடுவே கிடக்கும் பாறையை இரண்டு நாளாகச் சுத்தம் செய்கிறோம். நூல் மாதிரி மெல்லிசாக இழுபட்டிருக்கிறது, ஒரு விரல் நக அகலத்துக்குள் எண்ண முடியாத வரிகள். மலையோடு மலையாக நிற்கிறது, அசைக்க முடியாது. இரு பக்கமும் மாதிரி எடுத்துவிட்டோம்.

“வரைஞ்சுட வேண்டியதுதானே?” என்றார் செவெரின், பென்சிலை நீட்டி.

கை துறுதுறுத்தது. நிஜமாகவே துறுதுறுத்தது. நம்பர் வரட்டும் என்றேன்.

அவர் குறிப்பேட்டில் எழுதியதைப் பிறகு எட்டிப் பார்த்தேன்: “நல்ல பாறை. துக்கும்மெக் கோடு போடல. மழை வரும்.”

பிப்ரவரி 6, 2025. வியாழன்

காலை பத்து மணிக்கு ஆய்வகத்திலிருந்து வந்துவிட்டது. புதிய தலைவர் அறையில் கூட்டம், என்னைத் தேடியிருப்பார்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து செவெரினுக்குப் போன் செய்தேன்.

தெற்குப் பக்கத்து எட்டும் 380 கோடி. வடக்குப் பக்கத்து எட்டும் 290. படித்துக் காட்டினேன்.

“அப்போ அதுதான்” என்றார்.

“அதுதான் அத்தான்.”

“நடுவுல எவ்ளோ தூரம்?”

நூற்றுப் பத்து அடி என்றேன். ஏதோ கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது.

“நம்ம கூடாரத்துல இருந்து ஓடை வரைக்கும் அவ்ளோதான இருக்கும்?”

ஆமாம், கிட்டத்தட்ட அதேதான்.

போனை வாயிலிருந்து தள்ளி, சமையலறைப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொல்வது கேட்டது. “பிபி! நீ தெனமும் வாளியைத் தூக்கிட்டு ஒரு கண்டத்துல இருந்து இன்னொரு கண்டத்துக்குத் தண்ணி எடுக்கப் போயிருக்கடி.”

அக்கா என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.